மழையில் காற்சட்டை போட்ட மரகதம் அக்கா

மெயின்லேண்டிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கிய, மரகதம் அக்காவின் மகன் முருகனின் தலை மொட்டையாக இருந்தது. என்னைக் கண்டதும் நின்றுவிட்டான். "அம்மா போயிட்டாங்க சிஸ்டர். ராமநாதபுரத்துலயே எல்லாம் முடிச்சிட்டோம்" என்றான். எங்களோடு பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களும், மரகதம் அக்காவின் கைகளில் பிறந்தவர்களும் அறிவதற்காக இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் அவர் இந்தத் தீவின் டாலிகஞ்சில், ஆஸ்பத்திரியிலிருந்து சில மைல் தள்ளிக் குடியிருந்தார். ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில்தான் வருவார். இந்தத் தீவில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் மழை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் விடாது. நனைந்த துணியோடு கடற்காற்றில் சைக்கிள் மிதிப்பவருக்குப் பல் கிட்டிவிடும். ஒருநாள் காலை, இறக்கத்தில் அவருடைய சேலை செயினில் சிக்கிக்கொண்டது. எதிரே மரம் ஏற்றிய லாரி. சைக்கிளோடு ஓரத்துச் சேற்றில் விழுந்துதான் தப்பினார்.

மறுநாள் கணவரின் காக்கிக் காற்சட்டையில் வந்தார். அதன் கால் முனைகளைப் பேண்டேஜ் துணியால் இறுகக் கட்டியிருந்தார். காலில் ரப்பர் ஷூ. சட்டைக்குள், காற்று நெஞ்சில் ஏறாமலிருக்க மடித்த செய்தித்தாள். மேலே மழைக்கோட்டு. வார்டுக்கான சேலை ரெக்சின் பையில் நனையாமல் இருந்தது.

எங்கள் மேட்ரன் வாசலிலேயே மறித்தார். "இன்னொரு தடவை இந்தக் கோலத்தில் பார்த்தால் மேலிடத்துக்கு எழுதிவிடுவேன்." அக்காவுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அவர் கணவரோ மில்லில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தார். அக்கா உள்ளே போய்ச் சேலைக்கு மாறினார். அதன்பின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே புயல் அடித்தது. மத்தியானம், டாலிகஞ்சுக்கு அப்பாலிருந்து ஒரு வங்காளி இளைஞர் நனைந்து நடுங்கியபடி வந்தார். மனைவிக்கு விடியற்காலையிலிருந்தே வலி. "பச்சா நஹி ஆ ரஹா", குழந்தை வெளியே வரவில்லை, என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சாலையில் மரம் விழுந்துகிடந்ததால் ஜீப் போகாது.

அக்கா சேலையைக் களைந்து ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு, அதிலேயே கிடந்த காற்சட்டையை மாட்டினார்.

"மேடம் பார்த்தா?" என்றேன்.

"எழுதட்டும். நீ பின்னால ஏறு, சரோஜா."

மழைக்கோட்டால் கருவிப் பெட்டியைச் சுற்றினார். அதை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன். வழி கேட்டுக்கொண்டு கிளம்பினோம்; அந்த இளைஞர் பின்னால் ஓடிவந்தார். முகத்தில் மழை ஊசியாகக் குத்தியது. விழுந்த மரத்தின்மேல் சைக்கிளை இருவருமாகத் தூக்கிக் கடத்தினோம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அக்கா ஷூவைத் தரையில் தேய்த்து வேகத்தைக் குறைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் குடிசையின் கூரையைக் காற்று பாதி பிய்த்திருந்தது. அந்தப் பெண்ணின் உதடுகள் வெளுத்திருந்தன. குழந்தை கால்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதை வெளியே எடுத்தபோது அது அழவில்லை. அக்கா முதுகைத் தேய்த்தார், வாயில் வாய் வைத்து ஊதினார், மறுபடி தேய்த்தார். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. சுற்றுவதற்கு அந்த வீட்டில் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. அக்கா ரெக்சின் பையைத் திறந்தார்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. மேட்ரனும் வந்திருந்தார். ஈரக் காற்சட்டையோடு தாயின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"உங்கள் சேலை எங்கே?"

"குழந்தை மேல இருக்கு, மேடம்."

மேட்ரன் குனிந்து சேலையை விலக்கிக் குழந்தையைப் பார்த்தார். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். மேலிடத்துக்கு எதுவும் எழுதவில்லை. அக்கா ஓய்வுபெறும்வரை மழைக்காலங்களில் காற்சட்டையில்தான் வந்தார்.

"அன்னைக்கு உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா?" என்று வெகுநாள் கழித்துக் கேட்டேன்.

"நிறைய இருந்துச்சு. வாயைத் திறந்தா உனக்குத் தெரிஞ்சுடும்னுதான் பேசாம மிதிச்சேன்."

மழையில் நனைந்து, என் முகத்துக்கு நேரே, ஒரு சொல்லும் பேசாமல் இருந்த அந்த முதுகுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.