இடது ஓரத்து வார்த்தைகள்

என் அண்ணன் இறந்த ஒன்பதாம் நாள், அவர் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நான்கே வாக்கியங்கள். முதல் வாக்கியம் 'சடன்லி' என்று தொடங்கியது. திடீரென்று அவர் எல்லோரையும் விட்டுப் பிரிந்தாராம். மூன்று வருடம் இருமி இருமி, கடைசி ஆறு மாதம் உட்கார்ந்தபடியே தூங்கிய மனிதர். கடிதத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது அண்ணனின் மேசையிலிருந்து வந்தது.

அண்ணன் ஆங்கிலம் படித்தவர். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை 'இங்கிலீஷ்' என்றே கூப்பிட்டார்கள். "இங்கிலீஷ், சாப்பாட்டுக்கு வரலியா? இல்ல அதையும் டைப் பண்ணி அனுப்பணுமா?" என்று வாசலில் நின்று கிண்டல் செய்வார்கள். விபத்து நடந்தால் அறிக்கை எழுதுவது அவர் வேலை. பார்த்தவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்வதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சேர்ந்த முதல் வாரமே மேலாளர் ஒரு தாளை நீட்டி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொன்னார். அதில் ஏழு வார்த்தைகள் இருந்தன.

"ஒவ்வொரு வாக்கியமும் இதுல ஒண்ணை வச்சுத்தான் ஆரம்பிக்கணும்."

"ஏன் சார்?"

"ஹெட் ஆபீஸ்ல இருக்கவருக்கு முழுசா படிக்க ஏதுப்பா நேரம்? இடது ஓரத்துல விரலை வச்சு மேலேர்ந்து கீழ இழுப்பாரு. சடன்லி. சரி, யாரும் எதிர்பாக்கல. இம்மீடியட்லி. சரி, உடனே கவனிச்சுட்டாங்க. அன்ஃபார்ச்சுனேட்லி. சரி, ஆள் போயிட்டான். முடிஞ்சுது, ஃபைலை மூடிடலாம்."

அண்ணன் இதை வீட்டில் நடித்துக் காட்டுவார். தட்டின் ஓரத்தில் விரலை இழுத்து, மேலாளர் குரலில் "சரி, சரி" என்பார். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். 

நடந்து முடிந்ததைச் சொல்லும்போது முன்னால் இப்படி ஒரு வார்த்தையை நிறுத்தி, ஒரு காற்புள்ளி போட்டு மூச்சு விட்டுக்கொள்வது ஆங்கிலத்தில் சாதாரணப் பழக்கம்தான். பேருந்தைத் தவறவிட்டவர் அப்படிச் சொல்வார், குடையைத் தொலைத்தவரும் சொல்வார். அதில் பழுதில்லை. அந்த அலுவலகத்திலோ அந்த வார்த்தைகள் கதவை அடைத்துக்கொண்டு நின்றன. பின்னால் கிடப்பதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அன்ஃபார்ச்சுனேட்லி என்றால், யாருடைய துரதிர்ஷ்டம்? அதை எந்த அறிக்கையும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மதியம், பசைத் தொட்டி பார்ப்பவரின் கை இயந்திர உருளைகளுக்கு நடுவே போனது. தோள்வரை போய்விட்டது. முன்வாசலில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றது. பின்வாசலில் பூட்டு. சாவி மேலாளரின் பையில், மேலாளர் வீட்டில் சாப்பாட்டில். ஆம்புலன்ஸ் பூட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒருவர் பூட்டை உடைக்கக் கம்பியை எடுத்தார். "சாரைக் கேக்காம எப்படிங்க உடைக்கிறது?" என்றார் காவலாளி. கம்பி கீழே போனது. யாரும் உடைக்கவில்லை. என் அண்ணனும் உடைக்கவில்லை. மேலாளர் வந்துசேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அந்த மனிதர் பசைமாவு மூட்டைகள்மேல் கிடந்தார். மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்துபோனார்.

'இம்மீடியட்லி, அவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்' என்று அண்ணன் தட்டச்சு செய்தார்.

அறிக்கை இன்னும் அனுப்பப்படாத நிலையில், இறந்தவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கண்ணே. நீங்க கூடவே இருந்தீங்களாமே. உடனே கொண்டுபோனாங்களா?"

"உடனேதாம்மா," என்றார் அண்ணன்.

அன்று இரவு அண்ணன் தட்டின் ஓரத்தில் விரலை இழுத்துக் காட்டவில்லை.

மறுநாள் அறிக்கையைத் திருத்தினார். இடது ஓரத்தைத் தொடவில்லை. காற்புள்ளிக்குப் பின்னால்தான் கை வைத்தார். 'சடன்லி, ஆறு மாதமாகத் தடுப்புக் கம்பி இல்லாத உருளையில் கை சிக்கியது. இம்மீடியட்லி, அதாவது நாற்பது நிமிடம் கழித்து, மேலாளர் சாவியோடு வந்தார்.' இப்படியே கடைசிவரை. மேலாளர் விரலை மேலிருந்து கீழே இழுத்தார், கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து 'முடிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு நகல் திரும்பி வந்தது.

"கூப்பிட்டுக் கத்துவாங்க, வேலைய விட்டே தூக்குவாங்கன்னு காத்துட்டிருந்தேன்," என்றார் அண்ணன். "ஒருத்தன்கூடப் படிக்கல பாப்பா. ஒருத்தன்கூட."

அந்த நகலை எடுத்துக்கொண்டு அந்தம்மா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒற்றை அறை. கொடியில் இறந்தவரின் சட்டை தொங்கியது, முழங்கையில் பசை காய்ந்திருந்தது. அண்ணன் வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னார்.

"நாப்பது நிமிஷம்னு லாரிக்காரர் அன்னிக்கே சொல்லிட்டாருண்ணே," என்றார் அவர். "நீங்க என்ன சொல்வீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். நீங்க சுவத்தைப் பாத்துப் பேசுனீங்க."

அண்ணன் தாளை மடித்து அவரிடம் நீட்டினார்.

"அவரு கடைசியா ஏதாவது பேசினாரா?" என்று கேட்டார் அந்தம்மா.

"தண்ணி கேட்டாரும்மா. குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு."

அந்தம்மா அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். மறுநாளே போய் மேலாளர் மேசையில் வைத்து, தன் கணவருக்கு நடந்ததை அவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று நின்றார். அன்றுதான் மேலாளர் காற்புள்ளியைத் தாண்டினார் போலிருக்கிறது.

மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனைத்தான் பசைமாவுக் கிடங்குக்கு மாற்றினார்கள். பதினோரு வருடம் மூட்டை பிரித்துக் கொட்டினார். சட்டையில் புளித்த வாடை, புருவத்தில் மாவு. அதைச் சுவாசித்துத்தான் இருமல் வந்தது. அவர் விட்டுப்போன மேசைக்கு வேறு ஆள் வந்தார். கண்ணாடிக்கு அடியில் இருந்த தாள் மட்டும் அங்கேயே இருந்திருக்கிறது. அவர் எழுதிய விபத்து அறிக்கைகளின் வார்த்தையிலேயே அண்ணனையும் முடித்துவிட்டார்கள்.

நேற்று அந்தம்மா வந்திருந்தார். இப்போது தலை நரைத்துவிட்டது. மேசைமேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

"கம்பெனி லெட்டரா? என்ன போட்டிருக்கான்?"

"திடீர்னு போயிட்டாராம்."

"திடீர்னா போனாரு?"

எனக்கு எதிரே சுவர்தான் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லக்கா. மூணு வருஷம். மாவு தின்னே செத்தாரு. கடைசி நாள் தண்ணி கேட்டாரு, ஒரு வாய்கூட இறங்கல."

அவர் இந்தமுறை உட்கார்ந்தார்.