கறுப்புத் துணி போர்த்திய பெட்டி

போன மாதம் தேனியில் நண்பர் ஒருவருக்கு நடந்த நினைவுத் திருப்பலிக்குப் போயிருந்தேன். பீடத்தின் பக்கத்தில் மாலை போட்ட போட்டோ, அதில் சிரித்த முகம். சாமியார் வெள்ளை உடுப்பில் நின்றார். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்கு மனசு ஒட்டவில்லை. சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியதும் பழைய துக்கப் பூசைகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

உத்தமபாளையம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் துக்கப் பூசைக்குச் சாமியார் கறுப்பு உடுப்பில்தான் வருவார். வெளியூரில் இறந்து அங்கேயே அடக்கமானவர்களுக்கும் பூசை உண்டு. கோயில் நடுவே சவப்பெட்டி போல ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்குத் தூம்பா என்று பெயர். சாமியார் அதைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்து லத்தீனில் பாடுவார். ஒரு வார்த்தை புரியாது. பூசையில் பாதி நேரம் தூங்கி வழிகிற நான்கூட அந்தப் பாட்டுக்கு விழித்துக்கொள்வேன். பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

பிறகு அறுபதுகளில் உலகத்துக் கத்தோலிக்க ஆயர்களெல்லாம் ரோமாபுரியில் சங்கமாகக் கூடிப் பூசை முறையை மாற்றினார்கள். பூசை தமிழுக்கு வந்தது, அதுவரை பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் எங்களைப் பார்த்து நின்றார். எனக்குச் சந்தோஷம்தான். பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற ஆளாகிவிட்டேன் அல்லவா, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு போவேன்.

அப்பா கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். ஓர் அடைமழையில் மண் சரிந்து, தங்கியிருந்த வீட்டோடு போய்விட்டார். தோண்டிப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு அம்மா சாமியாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தூம்பா வைங்க சாமி. அவுகளுக்கு அடக்கம்னு ஒண்ணு நடக்கல. அதையாவது பாத்துக்கிறேன்."

சாமியார் இளவயசு, நல்ல மனிதர். தயங்கித்தான் சொன்னார். "அத எடுத்தாச்சும்மா. உடல் இருந்தாத்தான் இனி தீர்த்தம் தெளிச்சுச் சொல்ற அந்த ஜெபம். சங்கத்துக்குப் பிறகு வந்த முறை, நான் மீற முடியாது."

"அம்புட்டுப் பேரு கூடுனாகளே, உடம்பு கெடைக்காதவுகளப் பத்தி யாரும் பேசலையா சாமி?"

அவர் பூசைக் குறிப்பேட்டில் அப்பா பெயரை எழுதிக்கொண்டார்.

பூசை தமிழில் நடந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகும் அம்மா முழந்தாளிலேயே இருந்தாள்.

"வாம்மா, முடிஞ்சிருச்சு" என்றேன்.

"எங்கடா முடிஞ்சது? பொட்டிய இன்னும் வைக்கவே இல்லையே."



அதன் பிறகு கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகும். அம்மா போகமாட்டாள். கோயில் நடுவே, பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். தரையெல்லாம் மெழுகு என்று கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளை முணுமுணுப்பார்.

எண்பதுகளில் அம்மாவும் போனாள். அவளுக்கு உடல் இருந்தது, அந்த ஜெபம் முழுசாகக் கிடைத்தது. கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். அப்பாவை இன்னும் அடக்கம் செய்யவில்லை என்று சொல்ல இப்போது அங்கே ஒருவரும் இல்லை.