வாஸ்லுய்க்குப் போனவன்

"ருமேனியா ஒரு நாடே? அது நாங்கள் லொறிக்குள்ளை ஒளிச்சு வந்த பாதையெல்லே!" என்று பாரிஸ் லா சப்பலில் நம்மாட்கள் சிரிக்கும்போதெல்லாம், சமையல்காரர் குணசீலனுக்குப் பல வருடமாகப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய குசினியில் சட்டி கழுவும் கோஸ்டெல் அந்தப் 'பாதை'யில் பிறந்தவன்.

நாட்டின் கிழக்குக் கோடியில், புரூட் ஆற்றுப் பக்கத்து வாஸ்லுய் மாவட்டம் அவனுடையது. மேடும் பள்ளமுமான நல்ல மண். சோளமும் சூரியகாந்தியும் திராட்சையும் விளையும். ஆனால் வேறு வேலை கிடையாது. இளசுகள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட, அவன் கிராமத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.

இந்த வருடம் பனி கரைந்ததும், தகப்பனின் தரிசு நிலத்தில் சோளம் போடப் போகிறேன் என்று கோஸ்டெல் வேலையை விட்டான். உணவக முதலாளி லிங்கேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எட விசரா, ஆளில்லாத ஊரிலை போய் என்னடா செய்யப் போறாய்? கொஞ்ச நாளிலை திரும்பி வந்து நிப்பாய், பார்."

கோஸ்டெல் ஏப்ரனைக் கழற்றி அவர் மேசையில் போட்டான். அந்தக் குசினியிலேயே பழகிய யாழ்ப்பாணத் தமிழில் சொன்னான்:

"ஆளில்லையெண்டுதானே போறன். நான் போனா ஒரு ஆள் இருக்குமெல்லே?"

குணசீலன் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனார். "கஷ்டமெண்டா வாடா. உன்ரை இடத்தை ஆருக்கும் குடுக்காமல் வைச்சிருக்கிறன்."

பஸ் படியில் ஏறியவன் திரும்பி முறைத்தான்.

"வேண்டாம் அண்ணை. இடம் இருந்தா கால் இஞ்சை திரும்பும். இண்டைக்கே வேறை ஆளைப் போடுங்கோ."