அகாகியின் வெள்ளோட்டம்

மீன்காட்சியகத்தில் பென்குவின்களுக்கு ஒன்பது நிமிடம் போதும் என்று அகாகி குறித்துக்கொண்டார். தொட்டியின் முன்னால் நின்று, ஒரு பிள்ளை சலிக்காமல் எவ்வளவு நேரம் பார்க்கும் என்பதைப் பக்கத்துக் குடும்பங்களை வைத்தே முடிவு செய்திருந்தார். அடுத்தது நீர்நாய். அதற்கும் பெரிய தொட்டிக்கும் நடுவில் பெண்கள் கழிப்பறை. அங்கே எந்த நேரத்தில் வரிசை நீளுகிறது என்று கால்மணி நேரம் நின்று பார்த்ததில்தான் வம்பு வந்தது. காவலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயா, யாருக்காவது காத்திருக்கீங்களா?"

"ஆமாங்க, மகளுக்காக."

"உள்ள போயிருக்காங்களா?"

"இல்லீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றா."

காவலாளி ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். "அப்படீங்களா. அப்ப கொஞ்சம் தள்ளி நின்னு காத்திருங்க" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு, கண்ணை மட்டும் எடுக்காமல் அங்கேயே நின்றார். அகாகி நன்றி சொல்லிவிட்டு, 'பதினொரு மணிக்கு முன் வரிசை இல்லை' என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

ஒகயாமா நகரத்தில் ஒரு பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை எழுதுகிறவர் அவர். வயது நாற்பத்தாறு. எந்தப் புதுத் தடமானாலும் முதலில் தானே ஏறி உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய் வருவார். பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் முழங்கால் வலிக்காரர்கள் இறங்குவதற்கென்று நாற்பது விநாடி கூடுதலாக வைத்தவர் அவர்தான். அதனால் ஓட்டுநர்களுக்கு அவர் மேல் பிரியம் உண்டு. 'நம்ம ஆளு எழுதினா மூத்திரம் போக நேரம் இருக்கும்யா' என்பது பணிமனையில் அவருக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம்.

வீட்டிலும் அதே ஆள்தான், அங்கேதான் சிக்கல். குளியலுக்குப் பதினொரு நிமிடம், செருப்பு மாட்ட நாற்பது விநாடி, கடைக்குப் போனால் எந்த வரிசையில் எதை எடுப்பது என்பது வரை அவர் மனதில் ஒரு தாள் இருக்கும். அவருடைய மனைவி தொமொயோ எட்டு வருடம் அதோடு குடித்தனம் நடத்திப் பார்த்தாள். "உங்க கூட இருந்தா நாள் முழுக்க யாரோ முதுகுல கைய வச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆறு வயது மிஹாருவைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. தான் எப்போது யாரைத் தள்ளினோம் என்பது அகாகிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றிலிருந்து மாதக் கடைசி ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் மகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள உணவகம், ஜன்னலோர மேஜை. அவர் வருவதற்குள் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அவர் பில் கொடுக்கப் போகும்போது அதன் அம்மா வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவாள். மெலன் சோடாவுக்கு மேலே ஐஸ்கிரீம் உருண்டை கரைகிற வரைக்கும் பேச்சு ஓடும். "பள்ளிக்கூடம் எப்படிப் போகுது?" என்பார். "சாதாரணமாத்தான்" என்பாள். இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஆறு வருடத்தை ஓட்டிவிட்டது. அவரும் லேசுப்பட்டவரா? வேறு கேள்வி கேட்கவே இல்லை.

பிப்ரவரியில் தொமொயோவிடமிருந்து செய்தி வந்தது. 'ஏப்ரலில் மிஹாரு நடுநிலைப் பள்ளிக்குப் போகிறாள். இனிமேல் மாதாமாதம் உங்களைப் பார்ப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். நான் நடுவில் வரமாட்டேன்.' அகாகி அதை நின்றபடியே நான்கு தடவை படித்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, தயாரிப்பு எதுவும் இல்லாமல் ஒரு பதில் அனுப்பினார்: மார்ச்சில் இரண்டு நாள் அவளை ஒசாகாவுக்குக் கூட்டிப் போகட்டுமா? சரி என்று வந்தது. நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். இந்த இரண்டு நாளில் பிள்ளைக்குத் தன்னைப் பிடித்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஏப்ரலிலிருந்து அந்த ஜன்னலோர மேஜையும் கிடையாது.

அடுத்தடுத்த இரண்டு வார இறுதிக்கு விடுப்பு கேட்டதும் பணிமனை மேலாளர் இஷிமோரி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் எதுக்குப்பா?"

"ஒண்ணு மகளோட ஒசாகா போறதுக்குங்க."

"இன்னொண்ணு?"

"அதுக்கு முன்னாடி நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வர்றதுக்கு."

"அட ஆண்டவனே! அது மகளா, புதுத் தடமா? வழி தெரியாம நாலு தெரு சுத்தி, ஏதோ கிடைச்சதைத் தின்னுட்டு வாங்களேம்ப்பா ரெண்டு பேரும்."

அகாகி சிரித்தார். ஆனால் விடுப்புத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வெள்ளோட்டத்தின் முதல் நாள் கேளிக்கைப் பூங்கா. கழுத்து வலிக்குமா என்று தெரிந்துகொள்ள அங்கிருந்த பெரிய சறுக்கு ரயிலில் தனியாக ஏறினார். தனியாக வருகிறவர்களுக்கென்று அங்கே வேறு வரிசை இருந்தது. அதில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் பேச ஆளில்லாதவர்களாகவே இருந்தார்கள். இறங்கியதும் குப்பைத் தொட்டிப் பக்கமாகப் போய்க் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். பூங்காவில் எல்லோரும் மாட்டிக்கொண்டு திரிகிற கரடிக் காது வைத்த தலைப்பட்டை காதுக்குப் பின்னால் அறுக்குமா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. கடைக்காரப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் மூன்று நிமிடம் நின்றார். "ரொம்பப் பொருத்தமா இருக்குங்க" என்றாள் அவள். கண்ணாடியில் தெரிந்த ஆள் எதற்கும் பொருத்தமாக இல்லை.

மறுநாள் மீன்காட்சியகம் முடிந்து கடைத்தெரு. மகளுக்கு வசந்தகாலக் கோட்டு வாங்குவது என்று திட்டம். எந்தக் கடை, எந்த மாடி என்று முடிவு செய்தபின் விற்பனைப் பெண் உயரம் கேட்டாள். அகாகி கையைத் தன் நெஞ்சுக்குக் கீழே வைத்துக் காட்டினார், கொஞ்சம் யோசித்து மேலே தூக்கினார், மறுபடி இறக்கினார். ஆறு வருடமாக மகளை உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "கூட்டிட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு நகரும் படியில் இறங்கினார்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து கைப்புத்தகம் தயாரித்தார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்களே, அதே போல மடித்துத் தைத்த பதினாறு பக்கம். அட்டையில் தானே வரைந்த சுறா. உள்ளே ரயில், சாப்பாடு, சவாரி, கழிப்பறை, மழை பெய்தால் என்ன செய்வது, கால் வலித்தால் எங்கே உட்காருவது. கடைசிப் பக்கத்தில் 'உன் குறிப்புகள்' என்று தலைப்பிட்டு ஆறு வெற்று வரிகள். தொமொயோவுக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை நிலையத்தில் மிஹாரு அவருடைய தோள் உயரத்துக்கு நின்றாள். தொமொயோ பையைக் கொடுத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் லேட்டானா பிள்ளைய முறைக்காதீங்க" என்றாள். "மாட்டேன்" என்றார். முறைக்கத் தேவையே வரவில்லை. பூங்காவில் எல்லாம் எழுதியபடி நடந்தது. சாப்பாட்டு மேஜைக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே போய்விட்டார்கள். பிள்ளை கரடிக் காதை மாட்டிக்கொண்டது, படத்துக்குச் சிரித்தது, ஒவ்வொரு சவாரிக்கும் "ஐயோ, சூப்பர்ப்பா" என்றது. அடுத்து என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எல்லாம் கைப்புத்தகத்தின் மகிமை என்று அகாகி நினைத்துக்கொண்டார். மனிதர் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், பார்த்தவர்களுக்கே பாவமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை. பென்குவின் ஒன்பது நிமிடம், நீர்நாய் ஆறு. பெரிய தொட்டிக்கு வந்தார்கள். தான் முன்பே தேர்ந்து வைத்திருந்த இடத்தில் மகளை நிறுத்தினார்.

"இங்க வேணாம்ப்பா. அந்தத் தூணுக்குப் பக்கத்துல வாங்க. சுறா திரும்புறப்போ அங்கதான் மூஞ்சி தெரியும்."

போனார். சொன்னபடியே அந்தப் பெரிய சுறா மெதுவாக வளைந்து, அகலமான வாயோடு நேர் எதிரே வந்து போயிற்று. அவருடைய பதினாறு பக்கத்தில் அந்தத் தூண் இல்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

மிஹாரு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நீல வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை.

"அக்டோபர்ல பள்ளிக்கூடத்துல கூட்டிட்டு வந்தாங்க."

"இங்கயா?"

"ம்."

"பூங்காவுக்கும்?"

"ம். அதே மாதிரி ரெண்டு நாள்."

"அந்த மாசம்கூடப் பார்த்தோமே நாம."

"பள்ளிக்கூடம் எப்படிப் போகுதுன்னு கேட்டீங்க. சாதாரணமான்னு சொல்லிட்டேன்."

அகாகி தொட்டிக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். நேற்று முழுக்க அந்தப் பிள்ளை தனக்காக வியந்து காட்டியிருக்கிறது. பயந்து காட்டியிருக்கிறது. கால் வலிக்க வலிக்க அப்பாவைச் சந்தோஷப்படுத்தியிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"அம்மா அந்தப் புத்தகத்தைக் காட்டினாங்க. கழிப்பறை வரிசை எல்லாம் எழுதியிருந்தீங்க. அதுக்கப்புறம் எப்படிப்பா சொல்றது?"

"நானும் போன வாரம் வந்து பார்த்துட்டுத்தான் போனேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நேத்து காது விக்கிற அக்கா சொன்னாங்க. 'உங்கப்பா மூணு நிமிஷம் இதை மாட்டிப் பார்த்தாரும்மா'ன்னு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு இல்லை; ஆனால் ஆறு வருடத்தில் ஒரே சமயத்தில் சிரித்தது அதுதான். அந்தத் தெம்பில் அகாகி ஒரு காரியம் செய்தார். கைப்புத்தகத்தை மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார்.

"சரி. இதோட அட்டவணை முடிஞ்சுது. இனிமே நீ சொல்லு. நீ எங்க சொல்றியோ அங்க போவோம். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி."

அதைச் சொல்வது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இஷிமோரி அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். மிஹாரு நிஜமாகவே யோசித்தாள். சுறா ஒரு முழுச் சுற்று வந்தது.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சேச்சே."

"வீட்டுக்குப் போலாம்ப்பா. அசதியா இருக்கு."

"கடைத்தெரு? கோட்டு வாங்கணும்னு..."

"ஏப்ரல்ல இருந்து சீருடைதான்ப்பா."

"அதுவும் சரிதான்" என்றார். "அதுவும் சரிதான்" என்று இன்னொரு தடவை சொன்னார். நான்கு மணி நேரம் முன்னதாகப் புறப்படும் ரயிலுக்கு இயந்திரத்தில் இருக்கையை மாற்றினார். விரல் தவறித் தவறிப் பட்டதில் பின்னால் நின்றவர் இரண்டு தடவை கனைத்துவிட்டார்.

ரயிலில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. தூக்கமா, தூங்குகிற பாவனையா என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. ஹிமேஜி நிலையம் தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே பேசியது.

"பள்ளிக்கூட வாத்தியக் குழுவுல சேரப் போறேன். ஞாயித்துக்கிழமையும் பயிற்சி இருக்குமாம்."

"எல்லா ஞாயிறுமா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"பயிற்சி முக்கியம். விடக்கூடாது."

"ம்."

என்ன வாத்தியம் என்று கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதற்குள் ஒகயாமா வந்துவிட்டது.

தொமொயோ நிலையத்துக்குக் கீழே காரில் இருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். வாயிலைத் தாண்டி, நகரும் படிக்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் நின்றார்கள். சுற்றிலும் பெட்டியும் கையுமாக ஜனங்கள். இங்கே கேட்காவிட்டால் எங்கேயும் கேட்க முடியாது.

"ஒரு ஞாயித்துக்கிழமை பயிற்சி இல்லாம இருந்தா... அப்போ..."

"பார்க்கலாம்ப்பா" என்றாள். அவள் அம்மாவும் இப்படித்தான் சொல்வாள். எதை வேண்டாம் என்று சொல்லும்போதும் இப்படித்தான். மிஹாரு பையைத் தரையில் வைத்து, கைகளை முன்னால் சேர்த்து, இடுப்பிலிருந்து வளைந்து வணங்கினாள். "ரெண்டு நாளும் நல்லாப் பார்த்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி." பள்ளிக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற அளவுக்குக் குறையில்லாத வணக்கம்.

அகாகிக்குக் கட்டிப்பிடிக்கத் தெரியாது. தலையில் கை வைக்கலாமா என்றால் தலை தோள் உயரத்தில் இருந்தது. வேறு வழி தெரியாமல் அவரும் வணங்கினார். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு மறைகிறவரை தலை நிமிரக் கூடாது என்பது முறை, அவர் நிமிரவில்லை. காலணிச் சத்தம் விலகிப் போவதைத் தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நகரும் படியில் கால் வைக்கும் முன் மிஹாரு திரும்பி நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போக, இன்னொரு தடவையும் ஆட்டினாள். அகாகி குனிந்தே இருந்தார்.