எலிக்கூடும் என் வீட்டுத் திறப்பும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் காவலாளி, நெற்றியில் திருநீறு கலையாத மனிதர். தனியே இருக்கும் நானும், எல்லாரையும் போல, வீட்டுப் பூட்டின் இன்னொரு திறப்பை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை அவர் எலி அகப்பட்ட கூட்டை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார். எலி சாகுமுன் தூக்கினார். மறுபடியும் அமிழ்த்தினார்.

“ஏன் அண்ணை, ஒரேயடியாக் கொல்லலாமே?”

“மேல வந்தவுடன என்ர முகத்தைத்தான் பாக்கும், தங்கச்சி. வேற ஆர் என்னை அப்பிடிப் பாக்கினம்?”

உடனே என் திறப்பைத் திருப்பிக் கேட்டேன். நீட்டினார்; நான் பிடித்த பிறகும் விடவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“இப்பிடித்தான் அதுவும் பாத்தது,” என்று சொல்லிவிட்டுக் கையை விட்டார்.

அன்றைக்கே பூட்டை மாற்றிவிட்டேன். ஆனால் தினமும் அந்த வாசலால்தான் போகவேண்டும். அவரைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம்.