லேப்டாப்புக்குள்ள ஓடின மோட்டார்

எங்க மதினிக்கு ஒரு கெட்ட பழக்கம் இப்பத்தான் வந்திருக்கு. எல்லாம் ஒழுங்கா நடந்தா சந்தேகப்படுவாவ. அதுக்கு முன்ன அப்படிக் கிடையாது, அந்தக் கதையத்தான் சொல்லப் போறேன்.

மதினின்னா எங்க அண்ணன் பூதத்தான் பொண்டாட்டி, மாரீஸ்வரி. பிறந்து வளந்தது எல்லாம் மும்பை தாராவி. தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாவ, ஆனா வாயத் திறந்தா திருநெல்வேலி தோத்துப் போகும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடிச்ச கையோட கல்யாணம், ரெண்டு புள்ளைக, ஆறு வருஷம் வீட்டோட கிடந்தாவ. போன வருஷம்தான் செம்பூர்ல ஒரு சின்னக் கம்பெனியில டெஸ்டிங் வேலைக்குச் சேந்தாவ. மோட்டாரத் தானா போட்டு, தானா நிறுத்துற பெட்டி செய்யுத கம்பெனி. நான் வேல்ராஜ், பில்டிங் பில்டிங்கா மோட்டார், பைப்லைன் வேல பாக்கேன். அதனால எங்க ரெண்டு பேருக்கும் பேச விஷயம் உண்டு, சண்டை போடவும் உண்டு.

எங்க பில்டிங் ஏழு மாடி. தண்ணி விடியக்காலைல வரும், நிக்கறதுக்குள்ள மேல் டேங்குக்கு ஏத்திரணும். சுவிட்ச் போட வீட்டுக்கு ஒரு வாரம் முறை. முறைன்னா யாரு போவா? பொம்பளைங்கதான். கீழ்வீட்டு ஜுவைரியா பாதிப் பேரு முறையையும் அவளே பாத்தா. "உன் வீடு பம்ப் ரூமுக்கு எதுத்தாப்புலதான இருக்கு"ன்னு சொல்லிச் சொல்லியே அவ தலையில கட்டிட்டாவ. மாட்டுங்கால ஒரு ஸ்கூல் கேன்டீன்ல அவளக் காலை வேலைக்குக் கூப்பிட்டாங்க. இந்தச் சுவிட்ச விட்டு எப்படிப் போவா?

மதினிதான் சொன்னாவ: "நீ போ ஜுவைரியா. எங்க பெட்டிய மாட்டுதோம். நான் டெஸ்ட் பண்ணினது."

அவ அந்த ஒரு சொல்ல நம்பி வேலைக்குச் சரின்னுட்டா.

டெஸ்ட் எப்படிப் பண்ணினாவங்கறதையும் சொல்லணும். பெட்டிக்குள்ள நகத்தளவு சிப்பு. அதுல ஓடுற புரோகிராம, சிப்புக்குப் பதிலா லேப்டாப்புல ஓடுற மாதிரி கட்டிக்கிட்டாவ. அப்புறம் பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷையில நாலு வரி எழுதி, அங்கருந்து இந்தப் புரோகிராமக் கூப்பிடுதது. தண்ணி வந்துட்டுன்னு ஒரு பொய், வரலன்னு ஒரு பொய், டேங்கு ரொம்பிட்டுன்னு ஒரு பொய். ஒவ்வொண்ணுக்கும் அது என்ன செய்யுதுன்னு பாக்கது. ஒரு டீ குடிக்கதுக்குள்ள ஆயிரம் தடவ மோட்டார் ஓடி நின்னுரும்.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, இதுக்குப் பேரு மோட்டார் டெஸ்டா?"ன்னு நான் கேட்டேன்.

"உங்கள மாதிரி தினம் நனஞ்சாத்தான் வேலையா கொழுந்தனாரே?"ன்னாவ. திரை முழுக்கப் பச்சை. எல்லாம் பாஸ்.

திங்கக்கெழமை பெட்டிய மாட்டினேன். மோட்டார் போட்டதும் தண்ணி ஏழு மாடி ஏறி மேல விழ நேரமாகும். அதுவரைக்கும் பெட்டி பொறுத்திருக்கணும், அப்புறமும் தண்ணி வரலன்னா மோட்டார நிறுத்தணும், இல்லன்னா மோட்டாருக்குள்ள கம்பிச் சுருள் கருகிரும். எங்க பைப்புக்கு நாப்பது செகண்டுன்னு நானே அளந்து வச்சேன்.

மறுநாள் காலைல மோட்டார் 'டுர்'ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, நின்னுட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஒரு 'டுர்', மறுபடி நின்னுட்டு. ஜுவைரியா புது டிபன் பாக்ஸும் கையுமா நிக்கா. தண்ணி போயிட்டா எழுபது வீட்டுக்கும் இல்ல. அவ பையக் கீழ வச்சுட்டு, பெட்டியக் கழத்தச் சொல்லி, கையால சுவிட்சப் போட்டா. மொத நாளே வேலைக்குப் போகல. இன்னொரு தடவ வராட்டா வேற ஆளுன்னு போன்ல சொல்லிட்டாங்க. அவ எங்களத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறிருக்கும்.

மதினி முகம் செத்துப் போச்சு. லேப்டாப்பத் தூக்கிட்டு பம்ப் ரூமுக்கே வந்து, நாப்பது செகண்டு வச்சுத் திரும்ப டெஸ்ட் ஓட்டினாவ. பச்சை.

"ஒங்க லேப்டாப்பு பாஸுங்குது, டேங்கு காலியா இருக்கு. எத நம்ப?"ன்னு கத்தினேன். எனக்குக் கோவம் வந்தா மதினியாவது மண்ணாவது.

மதினி மோட்டார் வயரக் கழத்திட்டு, பெட்டிய மட்டும் வச்சு செகண்டு நம்பரத் திருகித் திருகிப் பாத்தாவ. முப்பது வச்சா முப்பது செகண்டு பொறுத்துது. முப்பத்திரெண்டும் பொறுத்துது. முப்பத்திமூணு வச்சா உடனே நின்னுட்டு.

"முப்பத்திரெண்டு"ன்னு சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டாவ. "வேலு, தப்பு என் மேல. பெட்டி ஒவ்வொரு செகண்டையும் ஆயிரமாப் பிரிச்சுக் கணக்குப் போடும். அந்தச் சிப்பு முப்பத்திரெண்டாயிரத்துச் சொச்சம் வரைக்கும்தான் எண்ணும், அதுக்கு மேல போனா கணக்கு தலைகீழாயிரும். லேப்டாப்பு கோடி வரைக்கும் எண்ணும். நான் பெரிய ஆள்ட்டக் கேட்டுட்டு சின்ன ஆளுக்குப் பாஸ் போட்டுட்டேன்."

புரோகிராம் எழுதினவரு கம்பெனி முதலாளி சிவகுருநாதன். நல்ல மனுசன். போன்லயே, "ஒரே வரிதான், இப்பவே மாத்தித் தரேன், நாளைக்கே மாட்டிக்கோங்க"ன்னாரு.

மதினி, "மாத்தாதீங்க சார். மொதல்ல என் டெஸ்டு இதத் தப்புன்னு சொல்லணும்"ன்னாவ.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. "அங்க ஒருத்தி வேல போகப் போகுது, ஒங்களுக்கு டெஸ்டா பெருசு?"

"அவ சுவிட்ச நான் போடுதேன். எனக்குத் தெரிஞ்ச ஓட்டை இது. தெரியாததுக்கு என்ன செய்ய?"

சொன்னபடி ஜுவைரியாவ வேலைக்கு அனுப்பிட்டு அந்த வாரம் பூரா மதினிதான் சுவிட்ச்ல நின்னாவ. செம்பூருக்குத் தினமும் லேட்டு. வேல இன்னும் நிரந்தரமாகல, அந்தப் பயமும் இருந்துச்சு. பம்ப் ரூம் படியில உக்காந்தே, லேப்டாப்பும் சிப்பு அளவுக்கே எண்ணுற மாதிரி மாத்திக் கட்டினாவ. அப்புறம் டெஸ்ட் ஓட்டினா, நாப்பது செகண்டு சிவப்பு. சிவப்பப் பாத்து சந்தோசப்பட்ட மனுஷிய அன்னைக்குத்தான் பாத்தேன். கூடவே கீழ இன்னொரு சிவப்பு.

அது என்னன்னா, தண்ணி வராம மோட்டார் நின்னா, அரை மணி நேரம் ஓய்வு குடுத்துத்தான் திரும்பப் போடணும். அதே கணக்குக் கோளாறுல அரை மணி அரை நிமிஷமாயிருக்கு. அன்னைக்கு ரெண்டாவது 'டுர்' கேட்டுச்சே, அதான். நான் பக்கத்துலயே நின்னேன், ஒறைக்கல. மொத வரிய மட்டும் மாத்தி மாட்டியிருந்தா, தண்ணி வராத ஒரு நாள் மோட்டார் போட்டுப் போட்டுக் கருகியிருக்கும். ஜுவைரியா திரும்ப வீட்டோட உக்காந்திருப்பா.

"கத்தினதுக்கு மனசுல வச்சுக்காதீங்க மதினி"ன்னேன்.

"டீ வாங்கிட்டு வாங்க"ன்னாவ.

ரெண்டையும் சரி பண்ணி, பச்சையாக்கி, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பெட்டிய மாட்டினோம். திங்கக்கெழமை விடியக்காலைல நானும் மதினியும் பம்ப் ரூம்ல. மோட்டார் ஓடுச்சு, தண்ணி ஏறுச்சு, மேல விழுற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் மதினி கை சுவிட்ச விட்டு எடுக்கல.

எதுத்த வீட்டுக் கதவு திறந்துச்சு. ஜுவைரியா பூட்டப் போட்டா, பைய மாட்டினா, பம்ப் ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம வேகமா நடந்து போனா.

"மோட்டார் ஓடுதான்னு ஒரு வார்த்த கேக்கல பாத்தீங்களா"ன்னேன்.

மதினிக்குக் கண்ணு கலங்கிட்டு. அப்பத்தான் சுவிட்ச்ல இருந்து கைய எடுத்தாவ.