முருகனுக்கு நேர்ந்த முடி

புலம்பெயர்ந்து வந்த இந்தப் பாபடோயிட்டோயில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரை. மழைக்கு இருட்டினால், "வானம் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கு" என்பார். அந்தப் பேச்சைக் கேட்கவே துணி காயப்போடும் சாக்கில் வெளியே போவேன்.

போன குளிர்காலத்தில் அவர் கணவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். அவர் பிழைத்து எழுந்தால் தன் தலைமுடியை முருகனுக்குக் கொடுப்பதாக அக்கா அன்றே நேர்ந்துகொண்டார். இடுப்பு வரை கிடந்த முடி.

அந்த முடிதான் கொட்டத் தொடங்கியது. கவலையால் என்றார் டாக்டர். "மம், இட்ஸ் ஜஸ்ட் ஸ்ட்ரெஸ்" என்றாள் மகள். வட்டம் வட்டமாக மண்டை தெரிய ஆரம்பித்ததும் அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"பிள்ளை, குடுக்கிறன் எண்ட சாமானே கையில இல்லாட்டி, அவன் இவரை விட்டுத் தருவானோ?"

"முருகன் என்ன, தராசு பிடிச்சுக்கிட்டா நிக்கிறாரு?" என்று சிரிக்கப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

இருவரும் ரயிலேறி நகர மையத்தில் ஒரு சீன மருந்துக்கடைக்குப் போனோம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். கடைக்காரம்மா நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார். தலைமுடிக்குப் பேர்போன கறுப்புக் கிழங்கு ஒன்று உண்டாம். கஷாயமாகக் குடித்தால் சிலருக்கு ஈரல் கெட்டுவிடும் என்று அதைத் தரவில்லை. பூசுவதற்கு ஒரு புட்டிச் சாறு கொடுத்தார். இஞ்சியும் ஏதோ ஊசியிலை மரத்தின் இலையும் ஊறியது.

"மூன்று மாதம் பூசிப் பாருங்கள். கட்டாயம் வளரும் என்று சொல்ல மாட்டேன்" என்றார் தெரிந்த ஆங்கிலத்தில்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "நான் பொறுப்பன். வீட்டில கிடக்கிற மனுசன் பொறுப்பாரோ?"

சாயந்தரங்களில் சோபாவில் சாய்ந்தபடி, எலும்பாகிப்போன விரல்களால் கணவரே அதைப் பூசிவிடுவார். அந்த இஞ்சி நெடி அவருக்குக் குமட்டும். அப்படியும் விடமாட்டார். நேர்த்திக்கடனைப் பற்றி அவருக்குத் தெரியாது. சொன்னால் பலிக்காது என்று அக்கா மூச்சே விடவில்லை.

"இந்த வயசில ஆருக்கு வடிவு காட்டப் போறாய்?"

"உங்களுக்குத்தான். வேற ஆர் இருக்கினம்?"

"அப்ப நல்லாத்தான் பூசோணும்."

ஒரு நாள் அவரால் புட்டியின் மூடியைத் திறக்க முடியவில்லை. அடுத்த வாரம் ஆளே இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையெல்லாம் முடிந்தபின் சோறு கொண்டுபோனேன். மேசையில் அந்தப் புட்டி பாதியாக நின்றது. அக்கா தலைத்துணியை அவிழ்த்தார். மொட்டைபோட்ட குழந்தைக்கு வருவதுபோல் கறுப்பாக, மெல்லிசாக முளைத்திருந்தது. மருந்தாலா, தானாகவா, யாருக்குத் தெரியும்?

"இப்ப வருது, பிள்ளை. நான் வடிவுக்குப் பூசுறன் எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டார். சொல்லியிருக்கலாம்."

பக்கத்தில் கிடந்த சீப்பை எடுத்தேன்.

"வாரி விடட்டா அக்கா?"

"வேண்டாம், பிள்ளை. சீப்பில அகப்படாது."